விளிம்பில் ஒரு பெயர்

நான் பணிமாற்றம் பெற்று மும்பைக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூர் என் ஊர். திருநெல்வேலியில் தமிழ் பயின்றவள் நான். மராத்தியும் இந்தியும் ஒலிக்கும் இந்நகரில் தமிழ் கற்பிப்பேன் என்று அந்நாளில் எண்ணியதில்லை. என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுள் சிலர் தாராவியிலிருந்தும், சிலர் மாட்டுங்காவிலிருந்தும், சிலர் செம்பூரிலிருந்தும் வருகின்றனர். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, கடைவீதியில் மராத்தி, தேர்வில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளை ஒரே நாளில் புழங்கும் பிள்ளைகள் அவர்கள். அவர்களிடமிருந்து நான் கற்ற பாடம் ஒன்றை இங்கு எழுதுகிறேன். அதில் என் பிழையும் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டால் இக்கட்டுரையை எழுதுவதில் பொருளில்லை.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் 'என் தந்தை' என்னும் தலைப்பில் பத்து வரிகள் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் ஒன்பது வரிகள் எழுதியிருந்தான். தந்தையின் பணி பற்றிய வரி மட்டும் 'என் தந்தை மருத்துவமனையில்' என்று தொடங்கி முடிவு பெறாமல் நின்றது. ஏடு திருத்தும்போதே அவனைத் தனியே அழைத்துக் கேட்டிருக்கலாம். நானோ வகுப்பு நடுவே, "மருத்துவமனையில் என்னவாக இருக்கிறார்? மருத்துவரா?" என்று கேட்டுவிட்டேன். அவன் எழுந்து நின்றான், ஒன்றும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "வார்டு பாய், டீச்சர்!" என்றது. நான்கைந்து பேர் சிரித்தனர். அவன் அமர்ந்துகொண்டான். நான் சிரித்தவர்களை அதட்டிவிட்டு, அடுத்த ஏட்டை எடுத்தேன்.

அடுத்த ஏட்டை எடுத்ததுதான் என் பிழை. ஐம்பது வயதை எட்டியவரையும் 'பாய்' என்றே அழைக்கும் அச்சொல்லைப் பற்றி அப்போதே ஒரு சொல் பேசியிருக்கலாம். அதைப் பேசும் அறிவு எனக்கு அன்று வாய்க்கவில்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, எங்கள் பள்ளியின் வரலாற்று ஆசிரியர் ஒருவருடன் சோர் பஜாருக்குச் சென்றிருந்தேன். அவர் பழைய நாணயங்கள் சேர்ப்பவர். மட்டன் தெருவில் ஒரு சிறு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள், பூட்டுகளுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் நடுவே ஒரு பதக்கம் கிடந்தது. புளி போட்டுத் துலக்காமல் விட்ட செம்புப் பாத்திரத்தின் நிறம். ஒருபுறம் முக்காடிட்ட விக்டோரியா பேரரசியின் தலை. மறுபுறம் கையில் மலர்வளையம் ஏந்திய ஒரு பெண்ணுருவம், தொலைவில் அணிவகுத்து வரும் படைவீரர்கள், மேலே 'தென்னாப்பிரிக்கா' என்னும் ஆங்கில எழுத்துகள். "போயர் போர்ப் பதக்கம்" என்றார் ஆசிரியர். பிறகு அதைப் பக்கவாட்டில் திருப்பி உருப்பெருக்கியால் பார்த்தார். அக்காலத்தில் பதக்கம் பெற்றவரின் பெயரை அதன் விளிம்பில் பொறிப்பது வழக்கமாம். இப்பதக்கத்தின் விளிம்பு தேய்ந்திருந்தது. 'பேரர்', அதாவது 'சுமப்பவர்', என்னும் சொல் மட்டும் தெளிவாக இருந்தது. அதை அடுத்து ஒரு பெயர் இருந்த தடம். கடைசி எழுத்து ஒரு நேர்கோடு போலத் தெரிந்தது. அதற்கு முன்னிருந்தவை படிக்கக் கூடவில்லை.

"வெண்கலம். வெள்ளியன்று" என்று கூறி அவர் அதைத் திரும்ப வைத்துவிட்டார். ஏன் வெண்கலம் என்று நான் கேட்கவில்லை. கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டதும் எனக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

வகுப்பில் அம்மாணவன் அமர்ந்த அன்று மாலை, வீடு திரும்பும் மின்தொடர் வண்டியில் அந்தப் பதக்கம் நினைவுக்கு வந்தது. மறுநாள் வரலாற்று ஆசிரியரிடம் கேட்டேன். அவர் கூறியவற்றையும், காந்தியடிகள் தம் 'சத்திய சோதனை'யிலும் 'தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகம்' என்னும் நூலிலும் எழுதியவற்றையும் படித்தே நான் பின்வரும் செய்திகளை அறிந்தேன்.

போர்க்களத்தில் காயமுற்றவனை யார் தூக்குவது என்பது பெரிய படைகள் நெடுங்காலம் சரியாக எண்ணிப்பாராத ஒன்று. 1853-இல் தொடங்கிய கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படையின் காயமுற்றோரை இசைக்குழுவினரும் ஓய்வுபெற்ற முதியோரும் தூக்கினர். அங்கு நேர்ந்த துயரங்களுக்குப் பிறகே, 1857-இல் மருத்துவமனைப் பணிக்கெனத் தனிப்படை ஒன்று அமைந்தது. மருத்துவர்கள் ஒரு பிரிவாகவும், தூக்குவோர், துப்புரவு செய்வோர், மருந்து கலப்போர், இரவில் விழித்திருப்போர் எல்லாம் மற்றொரு பிரிவாகவும் நெடுநாள் இருந்தனர். 1898 ஜூன் திங்களில்தான் இரு பிரிவும் இணைந்து அரச இராணுவ மருத்துவப் படை உருவாயிற்று. அடுத்த ஆண்டு அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் போர் மூண்டது.

அப்போரில் மாண்ட பிரிட்டிஷ் படையினர் ஏறத்தாழ 22,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் குண்டடி பட்டு இறந்தவர்கள் அல்லர். குடற்காய்ச்சல் முதலிய நோய்களால் இறந்தவர்கள். ஆகவே மருத்துவப் படையினனின் பணி களத்தோடு முடியவில்லை. நோயாளியின் ஆடையை வெளுப்பதும், கழிகலத்தை எடுப்பதும், நீரைக் காய்ச்சுவதும் அவன் பணியே. அதனால் அவனே நோயுற்று வீழ்ந்ததும் உண்டு. அவனுக்குக் கிடைத்தது வெள்ளிப் பதக்கம். அவன் இருந்த போர்முனைகளின் பெயர் பொறித்த சிறு பட்டைகள் அதன் நாடாவில் ஏறின.

இனி வெண்கலத்துக்கு வருகிறேன். போர் தொடங்குமுன்பே இந்தியாவிலிருந்து பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் நேட்டாலுக்குக் கப்பலேறின. நம் பம்பாய்த் துறைமுகத்திலிருந்தும் அக்கப்பல்கள் புறப்பட்டன. இது வெள்ளையர் இருவருக்கிடையே நிகழும் போர் என்று கருதப்பட்டதால், இந்தியச் சிப்பாய்களைத் துப்பாக்கியோடு அனுப்பவில்லை. ஆனால் டோலி தூக்குவோர், தண்ணீர் சுமப்போர், குதிரை பராமரிப்போர் என இந்தியர் பலர் உடன் சென்றனர். படைவீரர் பட்டியலில் சேராத இத்தகையோருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில், போர்முனைப் பட்டைகள் இல்லாமல் வழங்கப்பட்டது. தூக்கியது அதே உடல்களை. நடந்தது அதே மண்ணில். உலோகம் மட்டும் வேறு.

டோலி என்றதும் என் மனம் தமிழ்நாட்டு மலையூர்களுக்குச் செல்கிறது. சாலை இல்லாத மலைக்கிராமங்களில் நோயாளியையும் பேறுகாலப் பெண்ணையும் போர்வையில் கிடத்தி, மூங்கிலில் கட்டி, தோளில் சுமந்து இறக்கும் செய்தியை நாளிதழில் இன்றும் காண்கிறோம். நீங்கள் குழந்தையாயிருந்தபோது உறங்கிய தூளியைப் போன்றதே அதுவும்.

நேட்டாலில் அப்போது நம்மவர் வேறு வகையிலும் இருந்தனர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'டுரூரோ' என்னும் கப்பல் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பன் நகரில் இறக்கியது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அவ்வாறு சென்றோர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். தமிழ்ப்பெயர்கள் பல 'சாமி' என்று முடிவதைக் கேட்ட அங்கிருந்த வெள்ளையர், இந்தியர் எவரையும் 'சாமி' என்றே இகழ்ச்சியாக அழைத்தனர். அச்சொல்லுக்குத் தலைவன் என்று பொருள் என்பதை அறிந்த இந்தியர் சிலர் அதை எடுத்துச் சொல்லி அவர்களை நாணச் செய்ததும் உண்டு என்று காந்தியடிகள் எழுதுகிறார். இதைப் படித்தபோது 'வார்டு பாய்' என்ற அந்தப் பின்வரிசைக் குரல் எனக்கு மீண்டும் கேட்டது.

போர் மூண்டதும், காயமுற்றோரைத் தூக்கும் பணிக்கு நாங்கள் வருகிறோம் என்று காந்தியடிகளும் நேட்டால் இந்தியரும் முன்வந்தனர். அரசு முதலில் ஏற்கவில்லை. டாக்டர் பூத் என்னும் சமயப் பணியாளர் அவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி அளித்தார். இழப்பு பெருகத் தொடங்கியபின் அரசின் மனம் மாறியது. ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட இந்திய ஆம்புலன்ஸ் படை உருவாயிற்று. அதில் முந்நூறு பேர் போலத் தனி வாழ்வு பெற்றோர். எஞ்சிய எண்ணூறு பேரும் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள்.

1899 டிசம்பர் 15 அன்று டுகேலா ஆற்றங்கரையில் கொலென்சோ என்னும் இடத்தில் தளபதி புல்லரின் படை தோற்றது. இறந்தோரும் காயமுற்றோரும் பிடிபட்டோரும் ஆயிரத்துக்கு மேல். அக்களத்தில்தான் ராபர்ட்ஸ் பிரபுவின் ஒரே மகன் மரணக் காயமுற்றான். அவனைத் தூக்கிவந்த நாளைப் பற்றிக் காந்தியடிகள் ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறுகிறார். கடும் வெயில், எல்லோருக்கும் தாகம், வழியில் ஒரு சிற்றோடை. முதலில் யார் குடிப்பது? வெள்ளைப் படைவீரர் குடித்தபின் குடிப்போம் என்று இந்தியர் ஒதுங்கி நின்றனர். அவ்வீரர்களோ, நீங்கள் முதலில் குடியுங்கள் என்றனர். சற்று நேரம் ஒருவரையொருவர் வேண்டிக்கொண்டே நின்றார்களாம். ஊருக்குள் ஒரே நடைபாதையில் நடக்கக்கூட இந்தியருக்குத் தடையிருந்த காலம் அது என்பதை நினைவிற்கொண்டால் இந்நிகழ்ச்சியின் அருமை விளங்கும்.

அடுத்தது ஸ்பியான் காப் என்னும் குன்று. 1900 ஜனவரி 23 இரவு பிரிட்டிஷ் படையினர் அதன்மேல் ஏறினர். பனிமூட்டம் விலகியதும் சுற்றியிருந்த குன்றுகளிலிருந்து போயர்களின் பீரங்கிகள் அவர்களைத் தாக்கின. மறுநாள் இரவு இறங்கிவிட்டனர். குண்டு விழும் எல்லைக்குள் ஆம்புலன்ஸ் படையினர் வரத் தேவையில்லை என்பது முன்பே செய்த உடன்பாடு. ஆயினும், வந்தால் நன்றியுடையோம் என்று தளபதி சொல்லியனுப்பினார். அவர்கள் சென்றனர். மரணக் காயமுற்ற தளபதி உட்கேட்டையும் அவர்களே தூக்கிவந்தனர். அந்த நாள்களில் ஸ்ட்ரெச்சரைச் சுமந்தபடி ஒரு நாளைக்கு 20 முதல் 25 மைல்கள் நடந்ததாகக் காந்தியடிகள் எழுதியுள்ளார். வண்டிகள் இல்லாமலில்லை, அந்தக் கரடுமுரடான பாதையில் வண்டி குலுங்கினால் படுகாயமுற்றவன் பிழைக்கமாட்டான். மனிதத் தோள் குலுங்குவதில்லை.

இருபத்தைந்து மைல் என்பது நாற்பது கிலோமீட்டர். கொலாபாவிலிருந்து புறப்பட்டு, தாதர், அந்தேரி கடந்து, போரிவலியையும் தாண்டி நடந்தால் அவ்வளவு தொலைவு வரும். கையில் ஒரு மனிதனைச் சுமந்துகொண்டு.

சில வாரங்களில் அப்படை கலைக்கப்பட்டது. தளபதி புல்லர் தம் அறிக்கையில் அதைப் பாராட்டினார். தலைவர்களாயிருந்த 37 பேருக்குப் போர்ப்பதக்கம் வழங்கப்பட்டது என்று காந்தியடிகளின் நூலில் ஒரு வரி வருகிறது. அந்த வரியில் நான் நீண்ட நேரம் நின்றேன். 1,100-இல் 37 போக எஞ்சியவர்களுள் பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பினர். ஒப்பந்தம் முடிந்தும் அந்நாட்டிலேயே தங்க விரும்பிய கூலி ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி கட்டவேண்டும் என்ற சட்டம் அவர்கள் போருக்குச் செல்லுமுன்பும் இருந்தது. திரும்பிய பின்பும் இருந்தது. 1914-இல்தான் அது நீங்கிற்று.

காந்தியடிகளுக்குக் கிடைத்த பதக்கத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஜாலியன்வாலாபாக் கொடுமைக்கும் கிலாபத் அநீதிக்கும் எதிராக, அதையும் தம் மற்ற இரு பதக்கங்களையும் 1920 ஆகஸ்டு 1 அன்று வைஸ்ராய்க்குத் திருப்பியனுப்பினார். அன்றுதான் இந்நகரில் லோகமான்ய திலகர் மறைந்தார். தாராவிப் பிள்ளைகள் சயான் மருத்துவமனை என்று அழைக்கும் மருத்துவமனைக்குத் திலகரின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. என் மாணவனின் தந்தை பணியாற்றுவது அங்கேதான்.

இவற்றையெல்லாம் இரண்டு வகுப்புகளில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். தொடங்குமுன், முன்பு நான் கேட்ட கேள்வி தவறு என்றும், கேட்ட இடம் அதைவிடத் தவறு என்றும் அம்மாணவனிடம் எல்லோர் முன்பும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பதக்கத்தின் விளிம்பில் தேய்ந்த பெயரைப் பற்றிச் சொன்னபோது ஒரு மாணவி, "கடைசி எழுத்து கோடு மாதிரி இருந்ததென்றால் அது 'ஐ'தானே டீச்சர்? 'சாமி'யாக இருக்குமோ?" என்று கேட்டாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றேன். இந்தியாவிலிருந்து படையோடு சென்ற டோலிக்காரர் பலர் வடநாட்டார்.

பெற்றோர் சந்திப்பு நாளன்று அம்மாணவனின் தந்தை வந்தார். இரவுப்பணி முடித்து நேரே வந்திருந்தார், கண்கள் சிவந்திருந்தன. மகன் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசி முடித்தபின், ஸ்ட்ரெச்சர் தூக்குவதைப் பற்றிக் கேட்டேன். முதலில் வியந்தார், பிறகு என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே விளக்கினார்.

"சமதரையில் கால் பக்கம் முன்னால் போகணும் டீச்சர். மாடிப்படி ஏறும்போது தலை முன்னால. தலை தாழக் கூடாது. இன்னொன்று, முன்னால் போகிறவனும் பின்னால் போகிறவனும் ஒரே காலை எடுத்து வைக்கக் கூடாது. அவன் இடதென்றால் நான் வலது. இல்லையென்றால் தொட்டில் மாதிரி ஆடும்."

படைவீரருக்கான ஸ்ட்ரெச்சர் பயிற்சியிலும் இதே விதிகள் உண்டு என்று வரலாற்று ஆசிரியர் எனக்குச் சொல்லியிருந்தார். இவருக்குக் கற்பித்தவர் யார் என்று கேட்டேன். அதற்கு அவர் கூறியதை நான் எதிர்பார்க்கவில்லை.

2006 ஜூலை 11 மாலை, மேற்கு ரயில் தடத்தில் பதினொரு நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. மாஹிமும் மாட்டுங்கா ரோடும் அவற்றுள் இரு இடங்கள். இரண்டும் தாராவிக்கு அருகே. 180-க்கும் மேற்பட்டோர் மாண்ட நாள் அது. ஆம்புலன்ஸ் வருமுன்பே, தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளில் வாழ்ந்தோர் தம் வீட்டுப் போர்வைகளையும் படுக்கை விரிப்புகளையும் எடுத்துக்கொண்டு ஓடிக் காயமுற்றோரைத் தூக்கினர். இருபத்துநான்கு வயது இளைஞராக அவரும் அக்கூட்டத்தில் ஒருவர். வீட்டில் இருந்தவை இரண்டே போர்வைகள், இரண்டையும் கொண்டுபோனார். "போர்வையின் நான்கு மூலையையும் நான்கு பேர் பிடித்தோம். ஒரே காலில் நடந்தால் ஆடுகிறது, அவர் வலியில் கத்துகிறார். அப்போது தெரிந்துகொண்டதுதான்" என்றார். மற்ற மூவர் யார் என்று கேட்டேன். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர். மற்ற இருவரையும் அவர் அதற்குமுன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"போர்வை திரும்பி வந்ததா?" என்று ஏனோ கேட்டுவிட்டேன்.

"அதையெல்லாம் யார் கேட்பது டீச்சர்?" என்று சிரித்தார்.

பக்கத்தில் நின்ற மகனை நான் பார்த்தேன். அவனுக்கும் இக்கதை அன்றுதான் தெரிந்தது என்பது அவன் முகத்தில் புலப்பட்டது. அடுத்த வாரம் அவன் அந்த வரியை முடித்துக் கொண்டுவந்தான். ஒரு வரிக்கு ஒன்றரைப் பக்கம். 'சுமந்தார்' என்பதைச் 'சுமந்தாற்' என்று எழுதியிருந்தான். அதை மட்டும் திருத்தினேன். இப்பாடத்தில் தன் பெயரைப் போடவேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டான். ஏன் என்று கேட்டதற்கு, "அப்பா பெயரையும் போட முடியாதல்லவா டீச்சர்?" என்றான்.

மறுபடி ஒரு நாள் சோர் பஜாருக்குச் சென்றேன். பதக்கம் விற்றுப்போயிருந்தது.

நான் மறைக்காமல் எழுதவேண்டிய இன்னொன்று உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊரில் என் தந்தையார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. 108 வண்டி தெருவுக்குள் வர இயலவில்லை. கயிற்றுக்கட்டிலோடு அவரைச் சாலைவரை தூக்கிச் சென்றார்கள். நாகர்கோவில் விரைவு வண்டியில் ஒன்றரை நாள் பயணம் செய்து நான் போய்ச் சேர்ந்தபோது அறுவை மருத்துவம் முடிந்திருந்தது. மருத்துவரின் பெயரைக் கேட்டு நன்றி சொன்னேன். அவர் பெயர் இன்றும் நினைவிருக்கிறது. கட்டிலைத் தூக்கியவர் யார் என்று கேட்கவேயில்லை.

பெற்றோர் சந்திப்பு நடந்த அன்று இரவு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "இப்போது எதற்கடி அதெல்லாம்?" என்றார், பிறகு மூன்று பெயர்களைச் சொன்னார். ஒருவர் பால்காரர், மற்ற இருவரும் எங்கள் தெருவினர். நான்காமவர் அன்று நூறுநாள் வேலைக்கு வந்திருந்த பக்கத்து ஊர்க்காரர். அவர் பெயர் அம்மாவுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். ஞாயிறுதோறும் பேசும்போது நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.